ஹால்வினின் பதினொரு நிறைகள்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தின் நேரக்காப்பாளர் கூண்டுக்குள் கிளறன்ஸ் ஒரு தாளை நடுவில் கோடு கிழித்துப் பிரித்து வைத்திருந்தான். இடப்பக்கம் 'நிறைகள்' என்று தலைப்பு. வலப்பக்கம் 'குறைகள்'. இடப்பக்கத்தில் பதினொரு வரிகள் எழுதியாயிற்று. வலப்பக்கத்தில் தேநீர்க் கோப்பை விட்டுப்போன வட்டத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

தாளின் உச்சியில் 'ஹால்வின் ட்ரம் செட் பற்றிய அபிப்பிராயம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். ஹால்வின் என்றால் உலகம் முழுக்கப் பெயர் போன கம்பனி. மூன்றரை மணிக்குக் கொழும்பு வீதியில் ரிஸ்மியின் இசைக்கருவிக் கடையில், பங்குத் தந்தையின் கையில் இந்தத் தாள் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் கோயிலுக்குப் புதுச் செட் வாங்குவதா இல்லையா என்பது தீர்மானமாகும். இப்போது நேரம் இரண்டே முக்கால்.

கம்பளை பஸ் ஒன்று தன் நேரம் தாண்டியும் அசையாமல் நின்றது. வழக்கமாக இந்த நேரம் கிளறன்ஸ் கூண்டிலிருந்து தலையை நீட்டி, இங்கேயே வீடு கட்டிக்கொள்ளக் காணி வேண்டுமா என்று டிரைவரிடம் கேட்டிருப்பான். இன்று வாயைத் திறக்கவில்லை. டிரைவரே பயந்துபோய் இறங்கி வந்து, அண்ணனுக்கு உடம்புக்கு ஏதுமா என்று விசாரித்துவிட்டுப் போனான்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. சிக்கல் இதுதான்: கிளறன்ஸ் தன் ஐம்பத்து நான்கு வயதுக்குள் ஒரு ஹால்வின் ட்ரம்மை ஒரு தடவைகூட வாசித்ததில்லை.

இருபத்திரண்டு வருடமாகக் கண்டிக் கலியாண மண்டபங்களில் அவன் உட்கார்ந்திருந்தது ஹால்வின் என்று பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு வட்டத் தோலுக்குப் பின்னால். காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்மின் முன்பக்கத் தோல் அது. அந்தத் தோல் சத்தியமாக ஹால்வின்தான். ஹோட்டலில் வாசித்துவிட்டு வெளிநாடு போன ஒருவர், போகும்போது தூக்கிக் கொடுத்தது. தோலுக்குப் பின்னால் இருந்த மரம்தான் வேறு கதை.

கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அப்போது செல்லச்சாமி என்றொரு தச்சன் இருந்தான். தேயிலையைக் கடதாசிச் சாக்கில் அனுப்பத் தொடங்கியபிறகு, பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகள் தொழிற்சாலையின் பின்பக்கம் மலையாகக் குவிந்து கிடந்தன. செல்லச்சாமி அவற்றை நீராவியில் வளைத்து, மூன்று பலகையை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, கொழுந்து வாட்டும் மாடியில் காயவைத்து, வெளியே அலுமாரிக்கு ஒட்டும் சிவப்பு ஃபோமைக்காவைப் போர்த்திக் கொடுத்தான். வளையம், கொக்கி, திருகாணி எல்லாம் ஏதோ ஒரு பாடசாலை பேண்ட் கழித்துப் போட்டவை.

அதன் முகத்தில் ஹால்வின் தோலை மாட்டியது பகிடிக்குத்தான். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கலியாணத்தில் முதல் முதலாக அதை வைத்து வாசித்தான். பேண்டின் தலைவனும் கீபோர்ட்காரனுமான கிஷான் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மச்சான், ஹால்வின்னா ஹால்வின்தான்டா" என்றான். தேத்தண்ணி நேரத்தில் உண்மையைச் சொல்லி எல்லோருமாகச் சிரிக்கலாம் என்று கிளறன்ஸ் நினைத்தான். அதற்குள் கிஷான் மாப்பிள்ளையின் தகப்பனிடம் போய், எங்களிடம் ஒரிஜினல் ஹால்வின் இருக்கிறது என்று சொல்லி அடுத்த மாதத்துக்கு இன்னொரு கலியாணம் பிடித்துவிட்டான். அந்தத் தேத்தண்ணி நேரம் இன்னும் வரவில்லை.

பிறகு அது வளர்ந்துவிட்டது. கிஷான் பேண்டின் விசிட்டிங் கார்டில் ஹால்வின் என்று போட்டான். ட்ரம் வாங்கப் போகிறவர்கள் மஹய்யாவையில் கிளறன்ஸின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார்கள். கிளறன்ஸ் கம்பனிப் புத்தகத்தில் படித்ததை, தாடையைத் தடவிக்கொண்டு, பட்டறிந்தவன் போலச் சொன்னான். அவன் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் ஹால்வின் வாங்கி, நல்ல சாமான் என்று கேக்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் கேக் தொண்டையில் இறங்கியதே இல்லை. தோல் மாற்ற வேண்டி வந்தால், மனைவி ஐரின் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போகும் நாளாகப் பார்த்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மாற்றுவான். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடம். அவளுக்கும் தெரியாது.

கோயில் செட் போன உயிர்த்த ஞாயிறன்று, எல்லோரும் எழுந்து நிற்கும் நேரம் பார்த்துக் கால் உடைந்து விழுந்தது. அன்றிலிருந்து ஐரினும் நான்கைந்து பெண்களும் மாதாமாதம் பிரியாணிப் பார்சல் கட்டி விற்றார்கள். அவளுடைய வலக்கையில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு சூட்டுத் தழும்பு அந்தச் சமையலில் வந்தது. அந்தத் தழும்புதான் இப்போது ட்ரம்மாகப் போகிறது.

அதுவரைக்கும்கூடக் கிளறன்ஸ் சமாளித்திருப்பான். ஹால்வின் நல்ல சாமான்தான். யாரும் ஏமாறப் போவதில்லை. பதினொரு நிறையையும் இன்டர்நெட்டில் பார்த்து எழுதிக் கொடுத்தால் முடிந்தது. மூன்றாவது நிறை 'நல்ல மரம்'. ஏழாவதும் நல்ல மரம்தான், சொற்கள் மட்டும் வேறு.

கெடுத்தவன் கிஷான். கொழும்பில் போலி ஹால்வின்கள் வந்திருப்பதாக யாரோ அவனுக்கு அனுப்பிய செய்தியைப் பிடித்துக்கொண்டான். வியாழக்கிழமை கோயில் கூட்டத்தில் எழுந்து, பயப்பட ஒன்றுமில்லை, நம்மிடம் ஒரிஜினல் ஒன்று இருக்கிறது, கிளறன்ஸின் செட்டைக் கடைக்கே கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்ப்போம், சத்தம் ஒத்துப்போனால் வாங்குவோம் என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ஐரின் கணவனைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். கிளறன்ஸும் கைதட்டினான். தட்டாமல் என்ன செய்வது.

இன்று காலை அவன் வேலைக்குப் போனதும் கிஷான் ஓட்டோ கொண்டுவந்து செட்டை ஏற்றிவிட்டான் என்று ஐரின் தொலைபேசியில் சொன்னாள். "நீங்க நேரா கடைக்கு வந்துருங்க. பேப்பர மறந்துறாதீங்க."

கிளறன்ஸ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கம்பளை பஸ் அப்போதும் அங்கேயே நின்றது. இன்று யாரையும் விரட்டப்போவதில்லை என்று அதை விட்டுவிட்டு நடந்தான்.

ரிஸ்மியின் கடை அகலம் குறைந்தது, நீளம் கூடியது. சுவரில் கிட்டார்கள் தொங்கும். நடுவில் இருந்த கீபோர்ட்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு ரிஸ்மி ஒரு பாய் விரித்து, இரண்டு செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். இடப்பக்கம் புது ஹால்வின், கறுப்பு, மைதீட்டிய கண்போல. வலப்பக்கம் செல்லச்சாமியின் சிவப்பு. அதன் நெற்றியில் அதே பெயர், இன்னும் பெரிய எழுத்தில்.

தோலில் கோல் பட்டுவிட்ட ட்ரம்மைத் திருப்பி எடுப்பதில்லை என்பது அந்தக் கடையின் சட்டம். ரிஸ்மி அதை மீறியிருந்தான். காரணம் கிளறன்ஸ். ட்ரம் கேட்டு வந்தவர்களையெல்லாம் கிளறன்ஸ் இந்தக் கடைக்குத்தான் அனுப்பியிருக்கிறான். ரிஸ்மி ஒரு நாளும் தரக்குறைவான சாமானை நல்லதென்று சொல்லி விற்றதில்லை. அந்த விஷயத்தில் அவனுக்குத் தன் வாப்பாவின் பிடிவாதம்.

பங்குத் தந்தை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான். மெலிந்த மனிதர், யாரையும் மனம் நோகப் பேசத் தெரியாதவர். தாளை வாங்கிப் படித்துவிட்டு வலப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குறை ஒண்டும் இல்லையோ, கிளறன்ஸ்?"

"இன்னும் யோசிக்கிறேன் ஃபாதர்" என்றான் கிளறன்ஸ்.

கிஷான் விதிமுறை சொன்னான். கிளறன்ஸ் அடிக்கக்கூடாது, அவன் கை எதையும் நன்றாகக் காட்டிவிடும். ஃபாதர்தான் அடிக்க வேண்டும், ஒரே பலத்தில், எதை முதலில் அடிக்கிறார் என்று சொல்லாமல். தான் முதுகைக் காட்டி நின்று கேட்டுச் சொல்வான். கிஷானுடைய காது ஊரறிந்தது. ஹோர்ன் சத்தத்தைக் கேட்டே எந்த பஸ் என்று சொல்வேன் என்று அவன் பீற்றிக்கொள்வதுண்டு. பத்துக்கு நான்கு சரியாக இருக்கும்.

ஃபாதர் அங்கியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கால்மிதியை மிதித்தார். நோயாளி வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல ஒரு மிதி.

சிவப்பு ட்ரம் 'தூம்' என்றது. கடைக்குள் நின்று, கிட்டார்க் கம்பிகளைத் தொட்டு, மெதுவாகப் போனது அந்தச் சத்தம். கிஷான் தலையாட்டினான். "இது நம்ம கிளறன்ஸுடையது."

அடுத்தது கறுப்பு. 'தப்' என்றது. சுருக்கமாக, சுத்தமாக, கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் சாட்சியைப்போல. அவ்வளவுதான். ஒன்றும் மிச்சமில்லை.

கிஷான் திரும்பவில்லை. இன்னொரு தடவை அடிக்கச் சொன்னான். பிறகு இன்னொரு தடவை. ஐந்தாவது தடவைக்குப் பிறகு கண்ணைத் திறந்து திரும்பினான். முகத்தில் சிரிப்பில்லை.

"ரிஸ்மி, கோவிச்சுக்காத" என்றான். "இது ஒரிஜினல் இல்ல."

கடையில் கிட்டார் பார்த்துக்கொண்டிருந்த இருவர் திரும்பினார்கள். அதில் ஒருவன் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பேண்டில் பாடுகிறவன். அவன் கை தானாகவே தொலைபேசியைத் தேடியது.

ரிஸ்மி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "பெட்டிய உங்கட கண்ணுக்கு முன்னாலதானே ஒடச்சேன், கிஷான். ஏஜென்ட்ட பேப்பர் ஈக்கி. நம்பர் ஈக்கி." அவன் லாச்சியைத் திறந்து கடதாசிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் வைத்தான். 

கிஷான் கடதாசிகளைப் பார்க்கவில்லை. ரிஸ்மி ஏமாற்றுகிறான் என்று தான் சொல்லவில்லை என்றும், ரிஸ்மியையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்றும், ட்ரம்மைப் போலியாகச் செய்கிறவனுக்குக் கடதாசியைப் போலியாகச் செய்ய எவ்வளவு நேரம் போகும் என்றும் மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே போனான். நல்ல மனதோடு சொன்னான். அதனால்தான் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது. "இருபத்திரண்டு வருசமா ஒரிஜினலுக்குப் பக்கத்துல நிக்கிறேன்டா. எனக்குத் தெரியாதா?"

 ஐரின் பிரியாணிக் காசு இருந்த கைப்பையின் ஸிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சின்னச் சத்தம் கிளறன்ஸுக்கு இரண்டு ட்ரம்மையும் விடப் பலமாகக் கேட்டது.

பொழுது சாய்வதற்குள் இந்தக் கதை கண்டியில் இருக்கும் எல்லா பேண்ட்களுக்கும் போய்விடும். ரிஸ்மியிடம் போலி இருக்கிறதாம், கோயில் ஆட்கள் வந்து பிடித்தார்களாம் என்று போகும். அதற்குப் பிறகு ரிஸ்மி ஒரு சோடிக் கோல் விற்றாலும் வாங்குகிறவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான்.

ரிஸ்மி கடதாசிகளை விட்டுவிட்டுக் கிளறன்ஸைப் பார்த்தான். "அண்ணன், நீங்க சொல்லுங்க. நீங்க இது ஒரிஜினல் இல்லண்டு சொன்னா, நான் வாய தொறக்காம பெட்டில போட்டு ஏஜென்டுக்கு அனுப்புறேன்."

எல்லோரும் பார்த்தார்கள். கிளறன்ஸின் வாயில் எப்போதும் தயாராக ஏழெட்டுப் பகிடி இருக்கும். துழாவிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் மூளை, கழுத்துக்குக் கயிறு வந்த எந்த மூளையும் செய்வதுபோல, ஓட ஒரு வழி கண்டுபிடித்தது.

புதுத் தோல் அப்படித்தான் இருக்கும் என்றான். இழுபட்டுப் பழக வேண்டும், மரமும் நம் ஊர் ஈரத்துக்குப் பழக வேண்டும், என்னுடையதும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது என்று சொல்லும்போது குரல் தானாகவே தாடையைத் தடவும் குரலாக மாறியது. கிஷானின் புருவம் இறங்கியது. ஃபாதர் நிம்மதியாக மூச்சு விட்டார். ஐரினின் கை ஸிப்பின் மேல் அசையாமல் நின்றது.

"அப்போ ஒரு மூணு மாசத்துல இது அது மாதிரி ஆயிருமா?" என்று கிஷான் கேட்டான்.

"ஆ... ஆகும்."

தப்பித்தாயிற்று. வெளியே கொழும்பு வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. அது எந்த பஸ் என்று கிஷான் சொல்லாமல் விட்டது இன்றுதான்.

ரிஸ்மி தலையசைத்தான். "இல்ல அண்ணன். ஆகாது." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "தோல் கொஞ்சம் எளகும். ஆனா இந்தச் சத்தம் அந்தச் சத்தமா வராது. மரம் வேற, கனம் வேற. நான் அப்பிடிச் சொல்லி வித்தா, மூணு மாசத்துக்குப் பொறகு இவங்க வந்து என்ட மூஞ்சிய பாப்பாங்க. பொய் கேரன்ட்டிக்கு என்ட கடைல எடமில்ல. விக்காட்டியும் பரவால்ல."

கள்ளன் என்ற பெயர் தலைக்கு மேலே தொங்கும்போதும், தனக்குச் சாதகமான பொய்யை வேண்டாம் என்று ஒருவன் சொல்லுகிறான். கிளறன்ஸுக்குக் காது சூடேறியது.

"என்னுடையது ஹால்வின் இல்ல" என்றான்.

 கிஷான் சிரித்தான். கிட்டார் பார்க்க வந்தவர்களும் சிரித்தார்கள். ஃபாதர்கூட, சிரிக்கலாமா என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

"தேயிலைப் பெட்டி" என்றான் கிளறன்ஸ். "தேயிலைப் பெட்டிப் பலகையில செஞ்சது."

சிரிப்பு கூடிற்று. கிஷான் அவன் தோளில் தட்டி, இதை அடுத்த கலியாணத்தில் மைக்கில் சொல்ல வேண்டும் என்றான். கிளறன்ஸ் சத்தியம் என்றான். அதற்கும் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருடமாக அவன் எந்தச் சத்தியத்தைச் சிரிக்காமல் செய்திருக்கிறான்?

ஐரின் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கோபத்தில் வெளுத்திருந்தாள். "இந்த நேரத்திலயும் வெளையாட்டா? ரிஸ்மி உங்க கூட்டாளிங்கிறதுக்காக உங்க சாமானையே மட்டமாக்குறீங்களா? நாங்க நெருப்புக்கு முன்னால நின்னு சேத்த காசுங்க இது."

நம்பவைக்கப் பேச்சு உதவாது என்று தெரிந்தது. கிளறன்ஸ் ரிஸ்மியிடம் கை நீட்டி, ட்ரம் திருகும் சாவியைக் கேட்டான்.

முன்தோலைப் பிடித்திருந்தது எட்டுத் திருகாணி. அவன் பாயில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். முதலாவது இலகுவாக வந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் கிஷான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஐந்தாவதில் சிரிப்பு நின்றது. அடுத்தவன் தொட்டாலே கத்துகிற கிளறன்ஸ், தானே கடை நடுவில் வைத்துத் தன் ட்ரம்மைக் கழற்றுகிறான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஏழாவது வந்தது. எட்டாவது துருப்பிடித்து இறுகியிருந்தது. சாவி வழுக்கிக் கிளறன்ஸின் விரலைக் கிழித்தது. ரிஸ்மி குனிந்து, சாவியை வாங்கி ஒரே திருப்பில் கழற்றினான். 

வளையத்தைத் தூக்கி, தோலை எடுத்து ஐரினிடம் கொடுத்தான் கிளறன்ஸ். பிறகு ட்ரம்மின் வாயை எல்லோருக்கும் தெரியும்படி வாசல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான்.

உள்ளே, வளைந்த பலகையில், கறுப்பு மையில் அச்சுக் குத்திய ஒரு தோட்டத்தின் பெயர், பாதி தலைகீழாக. அதன் கீழே தேயிலையின் ரகம், எடை, பெட்டி இலக்கம். ஓரத்தில் ஆங்கிலத்தில், ஈரம் படாமல் வைக்கவும் என்ற எச்சரிக்கை. அதற்குப் பக்கத்தில் தச்சனின் பென்சில் எழுத்து: 'கிளறன்ஸ் தம்பி. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம்.'

இத்தனை வருடத்துக்குப் பிறகும் லேசான தேயிலை மணம் வந்தது.

கிஷான் குனிந்து எல்லாவற்றையும் வாசித்தான், விரலை வைத்து, வரிவரியாக. பிறகு பாயில் உட்கார்ந்துவிட்டான். யார் இந்தத் தச்சன், இப்போது எங்கே என்று கேட்டான். பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் ஏற்றுமதிக்குப் பெட்டி அடிக்கிறான் என்றான் கிளறன்ஸ். கிஷான் தொலைபேசியை நீட்டினான். எல்லோருக்கும் கேட்கும்படி போடச் சொன்னான்.

செல்லச்சாமிக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அந்த மோளமா? இன்னும் ஒடையலியா?" என்றான். பிறகு அவசரமாக, "தம்பி, உள்ளுக்கு மட்டும் யாரும் பாத்துறாம வச்சுக்கங்க. அவசரத்துல செஞ்சது, ஒட்டெல்லாம் ஒழுங்கில்ல."

தொலைபேசி அணைந்தது. ஃபாதர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அப்ப இந்தப் பதினொண்டும்?"

"இன்டர்நெட்டுல எடுத்தது, ஃபாதர்."

அவர் பெருமூச்சு விட்டு, பாவசங்கீர்த்தனத்துக்குச் சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கோயிலில் இருப்பேன், கடையில் வைத்துக் கேட்கும் வழக்கமில்லை என்றார்.

கிஷான் எழுந்தான். அவன் கிளறன்ஸைத் திட்டுவான், குறைந்தது சட்டையைப் பிடிப்பான் என்று கிளறன்ஸ் காத்திருந்தான். கிஷான் அவனைப் பார்க்கவே இல்லை. தன் காதைத்தான் தொட்டுக்கொண்டான், அது இன்னும் அங்கே இருக்கிறதா என்பதுபோல. பிறகு, நழுவிப் போகப்பார்த்த கட்டுகஸ்தோட்டைப் பாடகனை வாசலில் பிடித்து நிறுத்தி, அவன் முன்னாலேயே ரிஸ்மியிடம் சொன்னான். "நான் சொன்னது பிழை. உன் சாமான் சரி, என் காதுதான் போலி. போய்ச் சொல்றவங்க இதையும் சேத்துச் சொல்லட்டும்."

ரிஸ்மி தலையை மட்டும் அசைத்தான். கடதாசிகளை அடுக்கி லாச்சிக்குள் வைத்துப் பூட்டும்வரை அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு ஐரின் கையிலிருந்த தோலை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தட்டிப் பார்த்தான். "இது மட்டும் ஒரிஜினல்" என்றான்.

எல்லோரும் கிளம்பத்தான் போகிறார்கள் என்று கிளறன்ஸ் நினைத்தான். ஐரின் ஃபாதரின் கையிலிருந்து தாளை எடுத்தாள். கிழிக்கவில்லை. மறுபக்கம் திருப்பி, கண்ணாடி மேல் வைத்து, நடுவில் தானே ஒரு கோடு இழுத்தாள். பேனையைத் திறந்தாள். கணவனைப் பார்க்காமலே, "வாசிங்க. வாசிச்சிட்டுச் சொல்லுங்க. எழுதுறேன்" என்றாள்.

கிளறன்ஸ் வாழ்க்கையில் முதல்தடவையாக ஹால்வினுக்குப் பின்னால் உட்கார்ந்தான். விரலில் ரிஸ்மி சுற்றிவிட்ட பிளாஸ்டர்.  கலியாணங்களில் ஆயிரம் பேருக்கு முன்னால் தடுமாறாத கை, இந்த நான்கு பேருக்கு முன்னால் கோலை இரண்டு தடவை நழுவவிட்டது.

மெதுவாகத் தொடங்கினான். சிறிய ட்ரம்மில் கோலின் நுனியை மட்டும் விழவிட்டான். விழுந்தது கேட்டது. அதைவிட மெல்ல விழவிட்டான். அதுவும் கேட்டது. செல்லச்சாமியுடையதில் இந்த அடியெல்லாம் காற்றோடு போய்விடும். கால்மிதி அவன் கால் எழும்புமுன்னே தானாக எழும்பி நின்றது. எட்டுத் திருகாணிக்குப் பக்கத்திலும் தட்டிப் பார்த்தான். எட்டும் ஒரே சுரம். ஒவ்வொன்றாகச் சொன்னான், ஐரின் எழுதினாள். பேனை கீறும் சத்தம் மட்டும் கேட்டது.

குறைகளும் வந்தன. கம்பனி போட்டு அனுப்பிய தோல் மெல்லியது, ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். தாங்கிகள் பாரம், தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். கால்மிதியின் வில் உடைந்தால் ஏஜென்டிடம்தான் கிடைக்கும். "ரெண்டு மாசம் எடுக்கும்" என்று ரிஸ்மி தானாகவே சேர்த்துச் சொன்னான். பெரிய ட்ரம்மின் சத்தம் சுருக்கம்; கோயிலின் கடைசி வரிசை வாங்குவரை போக அதற்கு முன்னால் ஒரு மைக் வைக்க வேண்டும்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டின் தாளத்தை வாசித்தான். மூன்றாவது சுற்றில் இடக்கை கொஞ்சம் பிந்தியது. நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். அதே இடத்தில் மறுபடி பிந்தியது. கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

கிளறன்ஸ் கோலை மடியில் வைத்தான். அந்த இடக்கை இன்றைக்குப் பிந்தவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பிந்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. செல்லச்சாமியின் பெட்டி தன் நீண்ட 'தூம்'மால் அதை மூடி மறைத்து, ஆளைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நேரக்காப்பாளராம்.

"இது ஆளைக் காட்டிக்கொடுக்குது" என்றான். "எவ்வளவு சின்னப் பிழை விட்டாலும் ஊருக்கே சொல்லுது. ஒளிச்சுக்க எடமே இல்ல. இத நிறையில போடுறதா, குறையில போடுறதா, எனக்குத் தெரியல."

ஃபாதர் யோசித்தார். கிஷான் மேலே பார்த்தான். ஐரின் ஒருவரையும் கேட்கவில்லை. இடப்பக்கத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

புதுச் செட் திங்கட்கிழமை கோயிலுக்கு வரும் என்று முடிவாயிற்று. கிஷான் சிவப்புச் செட்டின் மற்றத் துண்டுகளைத் தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டான். அடுத்த கலியாணத்துக்கு அது வேண்டும், ஆனால் புதுக் கார்ட் அடிக்கும் செலவு உன்னுடையது என்று கிளறன்ஸிடம் சொன்னான். செல்லச்சாமியோடு பேசிமுடித்த பிறகு அவன் கிளறன்ஸோடு நேரே பேசியது அது ஒன்றுதான். கிளறன்ஸ் அதை மனதுக்குள் ஒரு முத்தம்போல வாங்கி வைத்துக்கொண்டான்.

மஹய்யாவைக்குப் போகும் ஓட்டோவில் ஐரின் அந்த வட்டத் தோலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். தோலின் விளிம்புக்கு மேலே அவளுடைய சூட்டுத் தழும்பு தெரிந்தது. மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டியது. சுரங்கப்பாதை தாண்டியது. கிளறன்ஸ் மூன்று பகிடிகளை ஆயத்தம் செய்து மூன்றையும் விழுங்கினான்.

"இன்னும் ஏதாச்சும் இருக்கா?" என்று ஐரின் கேட்டாள்.

"இல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்கு" என்றான். ஓட்டோக்காரன் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல வேகத்தைக் குறைத்தான். "நத்தார் கேக். நீ வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு எனக்குன்னு தனியா சுத்தித் தாறது. எனக்கு அதுல இருக்கிற முந்திரிகைவத்தல், அந்தக் காஞ்ச திராட்சை, ஆகாது. கலியாணம் கட்டின வருசமே சொல்லி இருக்கணும். ஆகா ஓகோன்னு சொல்லிட்டேன். பஸ் ஸ்டாண்டுல டிரைவர்மாருக்குத்தான் குடுக்கிறேன்."

இருபத்தாறு கேக். அவள் மனதுக்குள் எண்ணுகிறாள் என்று தெரிந்தது. இதையும் பகிடி என்று சொல்லிவிடுவாளோ என்று அவனுக்கு ஒரு நப்பாசை. அவள் சொல்லவில்லை. சந்தேகமே இல்லாமல் அப்படியே நம்பினாள். நம்பப்படுவது இவ்வளவு கஷ்டமான காரியம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

வீட்டு ஒழுங்கையில் ஓட்டோ நின்றது. ஐரின் இறங்கினாள். தோலை அவன் கையில் கொடுத்தாள். கேட்டைத் திறந்தவள், திரும்பாமலே நின்றாள்.

"டிரைவர்மார் என்ன சொன்னாங்க?"

"ஒவ்வொரு வருசமும் அடுத்தது எப்பன்னு கேக்கிறாங்க."

அவள் உள்ளே போனாள். கேட்டைச் சாத்தவில்லை.